குமார் சரி, குமரன் கூடாது

மகன் பிறந்த ஐந்தாம் நாள் திருப்பூரிலிருந்து ஊருக்குப் போன் போட்டேன். குமரன் என்று பேர் வைக்கலாமென்று இருக்கிறோம் என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று "அத்தை, அத்தை" என்று இரண்டு தடவை கூப்பிட்டேன்.

"கேக்குது. குமார்னுதான சொன்ன?"

"இல்லத்தை. குமரன்."

"ஏல, அது முருகன் பேருல்லா."

அதற்குப் பிறகு பிள்ளைக்குப் பால் போதுகிறதா, மஞ்சள் காமாலை பார்த்தார்களா என்று ரெண்டு கேள்வி. போனை வைத்துவிட்டாள். என் அம்மா நான் சின்னவனாக இருந்தபோதே இறந்துவிட்டதால் அத்தைதான் என்னை வளர்த்தவள். அவள் கோபித்தால் சமாளிக்கலாம். இப்படிப் பேச்சைச் சுருக்கினால்தான் பயம்.

எங்கள் ஊர் திருச்செந்தூருக்குப் போகிற வழியில், மெஞ்ஞானபுரம் பக்கம். சுற்றிலும் செம்மண் தேரி, பனை. மெஞ்ஞானபுரத்துக்கு முன்பு நெடுவிளை என்று பேர். 19ஆம் நூற்றாண்டில் மிஷனெரிகள் வந்து, கோயில் கட்டி, ஊருக்கே ஞானஸ்நானம் கொடுத்த மாதிரி பேரை மாற்றிவிட்டார்கள். அக்கம்பக்கத்திலும் அப்படித்தான்: நாசரேத், சாயர்புரம், முதலூர். பேரை மாற்றுவது என்பது எங்கள் பக்கத்தில் பொழுதுபோக்கான விஷயம் இல்லை. ஒரு வாழ்க்கையை விட்டு இன்னொன்றுக்குள் வந்ததற்கு அதுதான் ரசீது.

கோயில் என்று எழுதிவிட்டேன். திருநெல்வேலி கிறிஸ்தவர்களுக்கு சர்ச் என்றால் கோயில், பாதிரியார் என்றால் ஐயர். "ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயி ஐயரப் பாத்துட்டு வாரேன்" என்று நான் ஹாஸ்டலில் சொன்னபோது அறைத்தோழன் விழித்த விழி இன்னும் ஞாபகம் இருக்கிறது. இந்த இரண்டு வார்த்தையும் எங்கிருந்து வந்தன என்று அத்தை ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

குமார் விஷயமும் அப்படித்தான். எங்கள் கோயிலில் அசனத்துக்குப் பந்தி விசாரிக்கிற வாலிபர்களைப் பார்த்து "ஏ குமாரு, சாம்பார்" என்று குரல் கொடுத்தால் குறைந்தது ஐந்து பேர் திரும்புவார்கள். ஜெபக்குமார், பிரேம்குமார், சாம்குமார், ஜெயக்குமார், வெறும் குமார். சம்ஸ்கிருதத்தில் குமார என்றால் சிறுவன், மகன். அதுவே சிவனுடைய மகனுக்கும் பேர். காளிதாசன் குமாரசம்பவம் என்று எழுதியது அந்தப் பிள்ளையை வைத்துத்தான். வார்த்தை ஒன்றுதான். "ர்" என்று முடிந்தால் சபை உறுப்பினன், "ரன்" என்று முடிந்தால் வேல் பிடித்தவன் என்பது எந்த இலக்கணத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அதைவிடப் பெரிய வேடிக்கை வேதாகமத்திலேயே இருக்கிறது. யோவான் 3:16ஐ எனக்கு மனப்பாடம் செய்ய வைத்தவளே அத்தைதான். தேவன் "தம்முடைய ஒரேபேறான குமாரனை" தந்தருளினார். அதில் குமாரன் வருகிறது, ஒரு கால் எழுத்துதான் கூடுதல். தேவன் என்ற சொல்லும் ஒன்றும் எருசலேமிலிருந்து கப்பலேறி வந்ததில்லை. பப்ரிசியுஸ் என்ற மிஷனெரி செய்த பழைய தமிழ் வேதாகமத்தில் கடவுள் "பராபரன்". 1871இல் வந்த பதிப்பில்தான் "தேவன்" ஆனார். இரண்டுமே இங்கே ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த சொற்கள், ஏற்கெனவே வேறு சாமிகளைச் சுமந்த சொற்கள். தமிழில் ஜெபம் பண்ணுகிறவன் கழுவித் துடைத்த வார்த்தைதான் வேண்டும் என்றால் வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

இப்படியெல்லாம் பாயிண்ட் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

குமரன் என்பது என் மனைவி தேர்ந்தெடுத்த பேர். அவள் திருப்பூர்க்காரி, குமரன் ரோட்டில் பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போனவள். அவளும் கிறிஸ்தவள்தான். ஆனால் அவளுக்குக் குமரன் என்றால் வேலும் மயிலும் இல்லை. 1932 ஜனவரியில் போலீஸ் தடியடியில் விழுந்தும் கையிலிருந்த கொடியை விடாத ஒரு இருபத்தேழு வயதுப் பையன். "எம்பையனுக்கு மூணு எழுத்துப் பேரு. அஞ்சு எழுத்து கூடாது, அதுல ஒண்ணுகூட இங்கிலீசு வரக்கூடாது. அவ்வளவுதாங்க கேக்கறேன்" என்றாள். எழுத்தை எண்ணிப் பார்த்தேன், நாலு. ஐந்து நாள் பிள்ளையை மடியில் வைத்திருக்கிறவளிடம் அதையெல்லாம் சொல்ல முடியாது. என் பேர் ஒரு வெள்ளைக்கார மிஷனெரியுடையது. பேங்கில் டோக்கன் கூப்பிடும்போது அதை யாரும் ஒரே தடவையில் சொன்னதில்லை. அதனால் அவள் சொன்னது எனக்கும் பிடித்திருந்தது.

அத்தையிடம் இதையே சொன்னால் போதும், முருகனை விட்டுவிட்டுக் கொடியைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கொடிகாத்த குமரனைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். முழுப்பேர் குமாரசாமி. பிறந்தது சென்னிமலையில். சென்னிமலை மேல் யார் இருக்கிறார் என்று கொங்குநாட்டில் ஒரு குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். சுற்றிச் சுற்றி முருகனிடமே வந்து நின்றேன். மனைவியிடம் சொன்னபோது, "அது அவங்க அம்மா அப்பா வச்சது. நான் வைக்கறது அவருக்காக" என்றாள். யோசித்தால் அதுவும் ஒரு நியாயம்தான். ஆனால் போனில் சொல்லிப் புரியவைக்கிற நியாயமில்லை.

ரெண்டு வாரம் கழித்து அத்தையே போன் பண்ணினாள். அவளிடம் வேறொரு பேர் தயாராக இருந்தது. ஆபேத்நேகோ.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வேறு ஏதோவும் வந்தது. அத்தை முப்பது வருஷம் ஞாயிறு பள்ளி எடுத்தவள். ராஜாவின் சிலையைக் கும்பிடாததால் நெருப்பில் போடப்பட்டும் வேகாத மூன்று யூதர்களின் அக்கினிச்சூளைக் கதைக்கு ஒரு அட்டைப்பெட்டியில் சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணாடித்தாளைக் கசக்கி வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடிப்பாள். தாளை மெல்ல ஆட்டினால் நெருப்பு எரிகிற மாதிரியே இருக்கும். உள்ளே அட்டையில் வெட்டிய மூன்று பேர், சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ. அப்புறம் மெதுவாக நாலாவது ஆளை நுழைப்பாள். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்போம். அந்த மூன்று பேரில் கடைசி ஆளின் பேரை என் பிள்ளைக்குக் கொடுக்க நினைத்திருக்கிறாள்.

ஆனால் ஆபேத்நேகோ அவன் பேரே இல்லை. தானியேல் முதல் அதிகாரம் ஏழாம் வசனத்தில் பாபிலோன் அரண்மனைப் பிரதானி நாலு யூதப் பையன்களுக்கும் பேர் மாற்றுகிறான். வீட்டில் வைத்த பேர் அசரியா, "கர்த்தர் உதவினார்" என்று அர்த்தம். அரண்மனையில் வைத்த பேர் ஆபேத்நேகோ. இது நேபோ என்ற பாபிலோன் தெய்வத்தின் ஊழியன் என்பதன் திரிபு என்றுதான் அறிஞர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். நேபோ அந்த ஊரில் எழுத்துக்கும் எழுத்தர்களுக்கும் தெய்வம். "பேல் பணியும், நேபோ குனியும்" என்று ஏசாயா 46ஆம் அதிகாரம் கேலி பண்ணுகிறதே, அதே நேபோ. தானியேலுக்கு வைத்த பெல்தெஷாத்சார் என்ற பேரோ தன் தேவனுடைய பேரின்படி வைத்தது என்று பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரே நாலாம் அதிகாரத்தில் சொல்கிறான்.

இந்த நூலைப் பிடித்து இழுத்தால் வந்துகொண்டே இருக்கிறது. எஸ்தரை வளர்த்த மொர்தெகாயின் பேரில் மர்தூக் என்ற பாபிலோன் தெய்வம் இருக்கிறான். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் நல்ல வார்த்தை சொல்லி அனுப்புகிற பெபேயாளின் பேர் கிரேக்கப் புராணத்துத் தேவதையின் பேர். வேதத்தில் வல்லவரான அப்பொல்லோவின் பேர் எங்கிருந்து வந்தது என்று சொல்லவே வேண்டாம், நமக்கு ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். இந்தக் கடைசி ரெண்டு பேரையும் போய்ப் பேரை மாற்றிக்கொண்டு வா என்று பவுல் சொன்னதாக இல்லை. நம் பக்கத்தில் தென்னிந்தியத் திருச்சபைக்குக் கன்னியாகுமரித் திருமண்டலம் என்றே ஒன்று இருக்கிறது. அந்தப் பேரில் மூக்குத்தியோடு நிற்கிறவள் யார்?

அத்தையிடம் போனில் நேபோவைப் பற்றிச் சொன்னேன். கொஞ்சம் வெற்றிக்களிப்போடுதான் சொன்னேன், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆபேத்நேகோ சரியென்றால் குமரனும் சரிதானே என்று அடுத்த வரியை வாயில் வைத்திருந்தேன்.

"அப்படியா?" என்றாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ அந்தப் பேரும் வேண்டாம். அசரியான்னு வையி."

என் வாதத்தை இதைவிடச் சுத்தமாக யாரும் உடைத்ததில்லை. அவளைப் பிடிக்கலாமென்று நான் தோண்டிய குழியை அவள் தாண்டிப்போய் அந்தப் பக்கம் நின்றாள். போதாததற்கு, "யாத்திராகமம் இருவத்திமூணு பதிமூணு எடுத்துப் படி" என்றாள். வேறே தேவர்களின் பேரைச் சொல்லக்கூடாது, அது உன் வாயிலிருந்து வரவே கூடாது என்கிற வசனம்.

அன்றைக்கு ராத்திரி பிள்ளை தூங்காமல் படுத்தியது. தோளில் போட்டுக்கொண்டு நடந்தபடி, எனக்குச் சாதகமாக ஏதாவது கிடைக்குமா என்று மொபைலில் வேதாகமத்தைத் தள்ளிக்கொண்டிருந்தேன். சவுல் ராஜாவுக்கு ஒரு மகன். 1 நாளாகமம் 8:33இல் அவன் பேர் எஸ்பால், அதாவது கானானியர் கும்பிட்ட பாகாலின் ஆள். சாமுவேல் அபிஷேகம் பண்ணிய ராஜா தன் பிள்ளைக்குப் பாகால் பேரையா வைத்தான்? அங்கேதான் விஷயம். பாகால் என்பதும் முதலில் வெறும் பொதுச்சொல். எஜமான், சொந்தக்காரன், புருஷன். தன் தேவனையே எஜமானே என்று கூப்பிடுகிற அர்த்தத்தில் சவுல் வைத்திருக்கலாம். குமரன் மாதிரியே நல்ல வார்த்தைதான்.

ஆஹா, கிடைத்தது என்று நினைத்தேன். மேலே படித்ததும்தான் தெரிந்தது அது எனக்குச் சாதகமில்லை என்று. இதே மகனுக்கு 2 சாமுவேலில் பேர் இஸ்போசேத். போசேத் என்றால் வெட்கம். பிற்காலத்தில் ஏட்டை எழுதினவர்கள் பாகாலைச் சொல்லவே கூசி, அந்த இடத்தில் வெட்கம் என்று எழுதிவிட்டார்கள் என்கிறார்கள். ஓசியா இரண்டாம் அதிகாரம் இன்னும் நேரடியானது. இனி நீ என்னைப் பாகாலி என்று சொல்லாமல் ஈஷி என்று சொல்லுவாய் என்கிறார் கர்த்தர். இரண்டுக்கும் என் புருஷன் என்றுதான் பொருள். அர்த்தத்தில் குற்றமில்லை. ஆனால் பக்கத்து ஊரில் அந்தப் பேருக்குப் பலிபீடம் இருந்தது, ஜனங்கள் அங்கே போய்க்கொண்டிருந்தார்கள். அதனால் ஒரு நல்ல சொல் வீட்டுக்குள் புழங்க முடியாததாகிவிட்டது.

அத்தை எபிரேயம் படித்தவள் இல்லை. ஆனால் அவள் சொன்னது இதைத்தான். நேபோவுக்கு இன்றைக்கு எந்த ஊரிலும் தேரோட்டம் இல்லை. அப்பொல்லோவுக்கு யாரும் மொட்டை போடுவதில்லை. செத்துப்போன சாமிகளின் பேரை வைத்துக்கொண்டால் கேட்க ஆளில்லை. குமரன் அப்படியில்லை. வருஷா வருஷம் பச்சை வேட்டி கட்டிக்கொண்டு, காலில் கொப்புளத்தோடு, "அரோகரா" என்று எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் ஜனங்கள் செந்தூருக்கு நடக்கிறார்கள். அத்தை திண்ணையில் ஒரு குடம் தண்ணீரும் சொம்பும் வைப்பாள். குடிக்கிறவர்களோடு பேசுவாள், எந்த ஊர் என்று கேட்பாள். அந்த சாமி அவளுக்குப் புராணமில்லை, பக்கத்து ஊர்க்காரர்.

பாட்டியின் கதையும் எனக்கு அப்போதுதான் சரியாக ஞாபகம் வந்தது. அத்தையின் அம்மா ஒரு முருக பக்தர் வீட்டில் வள்ளியம்மாளாகப் பிறந்தவள். தாத்தாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்து எஸ்தர் ஆனாள். பிறந்த வீடு பத்து மைல்தான், ஆனால் பல வருஷம் போக்குவரத்து இல்லை. கடைசிக் காலத்தில் அவள் அண்ணன் மட்டும் வந்துபோவார். உடன்குடிக் கருப்பட்டி ஒரு ஓலைப்பெட்டியில் கொண்டுவருவார். செந்தூர்க் கோயிலில் பன்னீர் இலையில் வைத்துத் தருகிற திருநீற்றைத் தன் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே மாட்டார். நெற்றியில் இருப்பதைக்கூட வாசல் குழாயில் முகம் கழுவுகிற சாக்கில் அழித்துக்கொண்டு வருவார் என்று அத்தை சொல்லியிருக்கிறாள். ஒரு நாள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர், ஏதோ மறந்துபோய் ஜன்னல் வழியாக "ஏ வள்ளி" என்று கூப்பிட்டாராம். பாட்டி திரும்பவில்லை. பஸ் போன பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாளாம். பக்கத்தில் நின்ற அத்தைக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. "எங்கம்மைக்குக் காது நல்லா கேக்கும்" என்பதோடு எப்போதும் நிறுத்திவிடுவாள்.

எஸ்தர் என்ற பேரைப் பற்றியும் ரெண்டு கட்சி உண்டு. பாரசீகத்தில் நட்சத்திரம் என்று ஒரு கட்சி, இஷ்தார் என்கிற பாபிலோன் அம்மன் என்று ஒரு கட்சி. வேதாகமத்தில் வருகிற எஸ்தர் என்ற யூதப் பெண்ணுக்கு வீட்டில் அத்சாள் என்று வேறு பேர் இருந்தது. பாட்டி ஒரு அம்மனின் பேரை விட்டு இன்னொரு அம்மனின் பேருக்குப் போயிருக்கிறாளா என்று கேட்கத் தோன்றியது. அத்தையிடம் இதை மட்டும் நான் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

ஒருநாள் அத்தை நேரடியாகவே கேட்டாள். "எங்கம்மை எந்த வீட்டுப் பேர விட்டுட்டு வந்தாளோ, அந்த வீட்டுப் பேரையே நீ திருப்பிக் கொண்டாறியே மக்கா?" இதற்கு எதிராக எடுத்துப்போட எந்த அகராதியும் என்னிடம் இல்லை.

மனைவி மசியவில்லை. அவள் பக்கமும் விட்டுக்கொடுக்க முடியாத ஒன்று இருந்தது. "நம்ம பேரக் கேட்டா நம்மள இந்த ஊர்க்காரங்கன்னே யாரும் நினைக்கறதில்ல. அது மட்டும் சரியாங்க?" வீட்டில் ரெண்டு மாதம் பிள்ளைக்குப் பேர் "தம்பி". பிறப்புச் சான்றிதழில் பேர் போடுகிற இடம் வெறுமையாக இருந்தது. அதற்கு ஒரு வருஷம் அவகாசம் உண்டு, கட்டணமில்லை. அப்புறமும் தாமதக் கட்டணம் கட்டிப் பதினைந்து வயது வரை சேர்க்கலாம். நம் வீட்டுச் சண்டைகளைத் தெரிந்தே சட்டம் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞானஸ்நானம் ஊரில் வைப்பதென்று முடிவாயிற்று. முந்தின வாரம் ஐயரிடம் போனேன். வயசானவர். நான் நேபோ, பாகால் என்று ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, கிருஷ்ண பிள்ளையைத் தெரியுமா என்றார்.

தெரியாமலா? இரட்சணிய யாத்திரிகம் எழுதிய எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர். ஹென்றி ஆல்பிரட் என்று பேர் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார். ஆனால் கிருஷ்ணனை விடவில்லை. எச். ஏ. என்று ரெண்டு எழுத்தாக முன்னால் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். அவர் பாட்டை இன்றைக்கும் கோயிலில் உருகிப் பாடுகிறோம், பாட்டுப் புத்தகத்தில் அந்தப் பேரைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. இதே தெற்கில் நட்டாலத்து நீலகண்ட பிள்ளை 1745இல் ஞானஸ்நானம் வாங்கி நீலகண்டனைத் துறந்து தேவசகாயம் ஆனார். லாசரு என்பதன் தமிழ் அது. அந்தப் பேரோடேயே சுடப்பட்டுச் செத்தார், 2022இல் ரோமில் புனிதர் பட்டமும் கொடுத்தார்கள்.

"ஒருத்தர் விட்டாரு, ஒருத்தர் விடல" என்றார் ஐயர். "ரெண்டு பேரையும் நான் குறை சொல்லமாட்டேன். ரெண்டு பேரு வையுங்க. ஒண்ணு உங்க அத்தைக்கு, ஒண்ணு உங்க வீட்டம்மாவுக்கு." பிறகு, "நேசகுமாரன்னு வச்சா ஒரே பேருல முடிஞ்சிரும். மத்தேயு மூணு பதினேழு" என்று சிரித்தார். இயேசுவை வானத்திலிருந்து "என்னுடைய நேசகுமாரன்" என்று சொல்கிற வசனம். வீட்டில் சொன்னேன். "அது கணக்குல கழிச்சு எழுதற மாதிரி இருக்குதுங்க" என்றாள் மனைவி. எனக்கும் அப்படித்தான் பட்டது.

குமரன் அசரியா. அப்படியே பதிவேட்டில் எழுதினார்கள். ஐயர் பேரைக் கேட்டபோது ஞானத்தகப்பனாக நின்ற என் தம்பி சத்தமாகச் சொன்னான், அவனுக்கு எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது. அத்தை முன்வரிசையில் முக்காட்டோடு நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பாட்டில் குறையில்லை, மட்டன் நன்றாக வெந்திருந்தது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அது நாலு வருஷத்துக்கு முன்னால். அத்தைக்கு அவன் அசரியாதான். கொஞ்சினால் "ஏ அசரி". வேறு யாராவது குமரன் என்று கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி இருப்பாள். அவளுக்கும் காது நல்லாக் கேட்கும்.

போன வாரம் நான் குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பையன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டான், அவனுக்கு அது ஒரு பழக்கம்.

"யாரு பேசுறது?"

"குமரன் பேசறேனுங்க." அம்மாவின் ஊர்ப் பேச்சு அப்படியே இருக்கிறது.

"யாரு?"

"குமரன்."

"குமாரா?"

"இல்லீங்க பாட்டி. கு, ம, ர, ன்."

பள்ளிக்கூடத்தில் இப்போதுதான் எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கதவோரம் நின்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"சரி," என்றாள் அத்தை. "அப்பாட்ட குடு."